பின் பெஞ்சுச் சிரிப்பு

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் உன் மகளும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? அந்தக் கப்பல் பட்டறைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி. போனில் பேசலாம் என்றால் உன் மகள் பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கு 'ஹலோ'வும் 'வைக்கட்டுமா'வும்தான் மிஞ்சுகிறது. அதனால் காகிதத்தை எடுத்தேன்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பு என் தலையில். உன் மகளும் அதே வகுப்பில்தான், கடைசி பெஞ்சில். நன்றாகப் பேசுகிறாள். அவள் எழுந்தாலே மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தைக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கியிருக்கிறேன். பதினைந்து வயதாகியும் இந்தப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியவில்லை. ஒருவன் பேசும்போது மற்றவன் அவனை எப்படி மடக்கலாம் என்று காத்திருக்கிறான், இல்லையென்றால் மேசைக்கடியில் காலை உதைக்கிறான்.

முதல் வாரத் தலைப்பு, தாமதமாக வருகிறவர்களைப் பள்ளி வாசலில் நிறுத்திவைப்பது சரியா என்பது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கை தூக்கினாள். சின்ன வயதில் தொண்டையில் ஆபரேஷன் ஆனதாம், குரல் கரகரவென்று ஆழத்திலிருந்து வருகிறது. "பத்து நிமிஷம் பாடத்தை விட்டதுக்கு ஒரு மணி நேரப் பாடத்தை விட வைக்கிறது தண்டனையா, இல்ல ரெண்டாவது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் புல்லரித்தது. அவள் உட்காருவதற்குள் பின்னாலிருந்து ஒரு தவளைச் சத்தம். அச்சு அசலாக. வகுப்பு முழுவதும் சிரித்தது. முன் பெஞ்சு நல்ல பிள்ளைகளும்தான்.

யார் என்று கேட்டேன். எல்லோரும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

தம்பி. முதுகு தேவலை. மாமாவுக்கு என் வணக்கம் சொல்லு.

ஒரு தவளைச் சத்தத்துக்கா ரெண்டு பக்கம்? பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க. நாலு நாள் கண்டுக்காம விடு, அதுவா அடங்கிடும்.

இங்க வந்து பாரு, நான் எப்படிப்பட்ட ஆளுங்களோட காலம் தள்றேன்னு. எங்க இன்ஜினியருக்கு நான் வச்சிருக்கிற பேர் ஓட்டைப் பம்ப். வாயைத் திறந்தா பாதிப் பேச்சு மூக்கு வழியா ஓடிடும். டேங்க்குள்ள இறங்கச் சொல்லணும்னா, "ங்டேங்க்குள்ங்ள இங்றங்குப்பா" அப்படிம்பார். வெல்டர் ஒருத்தன் இருக்கான், மிஷின்கன். முதல் எழுத்துலயே பத்து குண்டு சுட்டுடுவான். "த-த-த-த-தண்ணி"ன்னு அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள நமக்குத் தாகம் அடங்கிடும். சாப்பாட்டுக் கூடத்துல நான் அவனை மாதிரி பேசிக் காட்டினா தட்டு மேலயே விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

இதை என் வாயாடிகிட்ட படிக்கக் குடு. என்னைவிட நல்லா செய்வா.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை உன் மகளே வாசலில் பிரித்துக் கூடத்தில் நின்று நடித்துக் காட்டினாள். வெல்டரை இரண்டு தடவை. உன் மாமா சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

நான் எழுத வந்தது வேறு. நினைத்தாலே அருவருப்பில் வாயில் எச்சில் ஊறுகிறது. துப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வகுப்பிலேயே இருந்தேன். அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவளால் கத்த முடியாது தம்பி, அந்தக் குரலுக்குக் கத்தல் கிடையாது. நாற்காலி விழுந்த சத்தம்தான் கேட்டது. போய்ப் பார்த்தேன். உயிரியல் ஆய்வகத்துத் தவளை ஒன்று, வயிறு கிழித்தது, சாம்பல் நிறத்தில் சாப்பாட்டின் மேல் மல்லாந்து கிடந்தது. மருந்துத் தண்ணீர் சாப்பாட்டில் இறங்கியிருந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூடி எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நானே கொட்டினேன். அவள் பக்கத்தில் நின்றாள். டப்பாவைத் தூக்கிப் போடும்மா என்றேன். "அம்மா கேப்பாங்க டீச்சர். நானே கழுவிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். எத்தனை சோப்பு போட்டாலும் என் விரலிலிருந்து அந்த வாடை போகவில்லை.

ஆசிரியர் அறையில் சொன்னேன். உயிரியல் ஆசிரியர், "அடடே, என் தவளை ஒண்ணு குறையுதேன்னு பார்த்தேன்!" என்றார். கணக்கு டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள். மாணவர்கள் சிரித்ததைவிட இது எனக்கு அதிகமாகக் குமட்டியது.

தலைமையாசிரியர் மறுநாளே நடவடிக்கை எடுத்துவிட்டார். என்ன தெரியுமா? எல்லோரையும் நிற்க வைத்து ஓர் உறுதிமொழி. சுவரில் ஒரு பெரிய அட்டை, 'ஒருவருக்கொருவர் மறியாதை'. வல்லின றகரம் போட்டு! அதையும் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த ஒரு சிரிப்பை மட்டும் நான் தடுக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இனி எனக்கு எழுதுவதை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் கடிதத்தைச் சாப்பிடறப்போ படிச்சுத் தொலைச்சேன். தட்டைத் தள்ளி வச்சுட்டேன்.

இது விளையாட்டு இல்ல. எவன் செஞ்சானோ எவ செஞ்சாளோ, கண்டுபிடிச்சு வெளிய அனுப்பு. இரக்கமே பார்க்காத. சாப்பாட்டுல போய்ச் செத்ததை வைக்கிற புத்தி ஒரு பிள்ளைக்கு வருதுன்னா அதை எப்படி வளர்த்திருப்பாங்க? அந்த அப்பன் ஆத்தாளை வரச் சொல்லி, அந்த டப்பாவை அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டு. மோந்து பாக்கட்டும்.

என் பொண்ணை அந்தக் கும்பல் பக்கம் அண்ட விடாத. துறுதுறுன்னு இருப்பாளே தவிர வெள்ளை மனசு.

பள்ளிக்கூட விலாசம் எதுக்கு? இந்தத் தடவை என் கடிதத்தை அவ படிக்க மாட்டாளா? மாமாவோட எதாவது மனஸ்தாபமா?

தம்பி


ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். மாமாவோடு ஒன்றும் இல்லை, சுகமாக இருக்கிறார். மழை வந்தால் உனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். கவனம்.

வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒருவர் பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை உன் வார்த்தையில் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உன் முறை. அதுவரை ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது.

முதல் வெள்ளிக்கிழமை படுதோல்வி. ஒரு மணி நேரத்தில் மூன்று பேர்தான் பேசி முடித்தார்கள். "நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?" என்று அடிதடிக்கே போய்விட்டார்கள். அடுத்த வாரம் ஒரு மாணவன் நான்கு தடவை முயன்றும் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வரவில்லை. கடைசியில், "மன்னிச்சுக்கோ, நான் கேக்கவே இல்ல. இன்னொரு தடவை சொல்லு" என்றான். அட்டையில் எழுதி மாட்டியதைவிட அந்த ஒரு வாக்கியம் மேல்.

ஆனால் யாருக்காக இதைத் தொடங்கினேனோ அவள் இல்லை. கொஞ்ச நாள் வந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிடுவதில்லை, கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொள்வாள். போன வாரம் அவள் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். யார் செய்தது என்று தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தலைமையாசிரியர் இழுத்தார். "எனக்கு யாருன்னு தெரிய வேண்டாம் சார். பேப்பரைக் குடுங்க, போதும்" என்றார் அந்த அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா


செப்டம்பர் 10

அக்காவுக்கு,

சுகம். அங்கயும் சுகம்னு எழுதியிருக்கே, ஆனா கடிதத்துல சுகமா ஒரு வரியும் இல்ல.

நான் கேட்டது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணு. விலாசம் ஏன் மாத்தினே? யார் செஞ்சதுன்னு உனக்குத் தெரியும், அது மட்டும் எனக்குப் புரியுது. தெரியாதவ ஏன் தரையைப் பார்த்துட்டு நிக்கணும்?

ஞாயித்துக்கிழமை போன்ல என் பொண்ணுகிட்டயே கேட்டேன். "எனக்கென்ன தெரியும்"னா. அவ்வளவுதான். அவ வாயிலேருந்து இவ்வளவு சின்னதா ஒரு பதில் நான் கேட்டதே இல்ல. அவளையும் யாராவது மிரட்டுறாங்களா? பளிச்சுனு எழுது.

இந்தத் தடவை எந்த வேடிக்கையும் எழுத மனசு வரல.

தம்பி


செப்டம்பர் 20

தம்பி,

உன் மகள்தான்.

ஜூலையிலிருந்து எனக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினேன். உள்ளே ஈரம். மதியம் என் விரலில் ஒட்டிய அதே வாடை. ஆய்வகத்திலிருந்து தவளையை எடுக்க என் வீட்டுக் கையுறையை எடுத்துப் போயிருக்கிறாள். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஆணியில் ஒழுங்காக மாட்டிவைத்திருக்கிறாள். அந்த ஒழுங்கைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்று ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "ஜோக் அத்தை. எல்லாரும் சிரிச்சாங்களே. அப்பா கடிதத்துல எழுதறதுக்கு நீங்களும் மாமாவும் சிரிக்கறீங்க, இதுக்கு மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கறீங்க?" என்றாள். வகுப்பில் அந்தச் சத்தம் போட்டதும் அவள்தான். உன் வெல்டரைச் செய்கிற அதே தொண்டை.

விலாசத்தை ஏன் மாற்றினேன் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்.

தலைமையாசிரியரிடம் நானே அவளை அழைத்துப் போனேன், அந்த அம்மா வந்து போன பிறகு. தாமதம்தான். "உங்க வீட்டுப் பொண்ணா? அட, விடுங்க டீச்சர். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு நம்ம பள்ளியில வேற யாரு இருக்கா? அந்தப் பொண்ணும்தான் போயிடுச்சே" என்றார். உன் மகளுக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அக்கா


நவம்பர் 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனிலும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், என்னைக் கேட்பதே இல்லை. கோபம் என்றால் கோபத்தையாவது எழுது.

அக்கா


நவம்பர் 25

அக்காவுக்கு,

உயிரோடதான் இருக்கேன்.

கோபம்தான். எழுதினா என்ன எழுதுவேனோன்னு பயந்துதான் எழுதல. ஒரு தாயில்லாப் பிள்ளையை உன்னை நம்பி விட்டேன். நீ மோப்பம் பிடிச்சு மாசக்கணக்கா மனசுல வச்சுக்கிட்டு, அவ தட்டுல எவ்வளவு சாப்பிட்டான்னு பார்த்துட்டு இருந்திருக்கே.

அவ அம்மா போனப்போ அவ ஒரு வாய் உள்ள இறக்கல. உனக்கு ஞாபகம் இருக்கும். நான் பக்கத்து வீட்டுக்காரரை மாதிரி நடந்து காட்டி, பால்காரரை மாதிரி இருமிக் காட்டித்தான் அவளைச் சிரிக்க வச்சேன். சிரிச்ச வாயில ஊட்டி விட்டேன். அதுதான் நான் அவளுக்குக் குடுத்த ஒரே சொத்து. நீ அதைப் போய்ச் சாப்பாட்டு டப்பாவுல கிடந்ததோட சேத்து எழுதறே.

வருஷ முடிவுல அவளை ஹாஸ்டல்ல சேர்த்துடறேன். உனக்குப் பாரம் வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிலேருந்து அந்த வெல்டர் பையன் என்கிட்ட தண்ணி கேட்டா, எனக்குச் சிரிப்பு வர மாட்டேங்குது. அதையும் கெடுத்துட்டே.

தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ கோபித்தது நியாயம். அவளைச் சாப்பிட வைக்க நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஹாஸ்டல் பேச்சை மட்டும் விடு. அவள் இங்கேயே இருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் வகுப்பின் புகழ் பரவிவிட்டது! பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறார்களாம், அதிசயமாம். கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அட்டையில் றகரத்தை மட்டும் வெட்டி ரகரம் ஒட்டியிருந்தார் தலைமையாசிரியர். தலைப்பு, வகுப்புத் தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாமா என்பது. உன் மகள் எழுந்தாள். "நீ சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியான்னு சொல்லு" என்று தொடங்கினாள். தலையை லேசாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி. அது என் குரல் தம்பி. என் தலைச் சாய்ப்பு. வந்தவர்கள் உருகிப் போனார்கள். மரியாதையையும் ஒரு வேஷமாகப் போட்டுக் காட்டுகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் உருவாக்கிய வகுப்பு இதுதானா என்று இருந்தது.

வந்தவர்கள் கை தட்டினார்கள். அப்போது ஜன்னலோரம் உட்காருகிற ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். "டீச்சர், நாங்க எல்லாரும் அவ சாப்பாட்டைப் பார்த்துச் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். இப்ப இவங்க நம்மளைப் பாராட்டுறது எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாள். தலைமையாசிரியர் பாய்ந்து மணி அடிக்கச் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை. உன் மகள் எதுவோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. யார் குரலிலும் வரவில்லை.

சாயங்காலம் அவளே கேட்டாள், "அத்தை, அவ வீடு எங்க இருக்கு?"

பஸ் ஏறிப் போனோம். மாடிப்படி ஏறி இரண்டாவது வீடு. அவள் அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் பாதி மூடினார். அந்தப் பெண்ணே வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. உன் மகள் தயார் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தாள். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எதுல வச்சு எடுத்துட்டு வந்தே அதை?"

"பிளாஸ்டிக் பையில."

"நான் வெளிய போனப்போ போட்டியா?"

"ஆமா."

"புதுப் பள்ளிக்கூடத்துல நல்லா இருக்கேன். ஆனா டப்பாவைத் திறக்க முடியல. மூடியைத் தொட்டாலே அந்த வாடை வருது. வெறும் வயித்தோட இருந்துட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடறேன். இது உனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

கதவைச் சாத்திவிட்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

உன் மகள் தெருமுனை வரை வந்து, சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "அவ மன்னிக்கவே மாட்டாளா அத்தை?" என்றாள். "அது அவ இஷ்டம்" என்றேன்.

பேச்சுப் போட்டிக்குப் போக மாட்டேன் என்று மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். காரணத்தையும் சொல்லியிருக்கிறாள், ஆசிரியர் அறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி. கணக்கு டீச்சர் சாப்பாட்டை மூடி வைத்தார்.

மார்ச் பிறந்தால் அவளுக்குப் பொதுத் தேர்வு. ஒரு தடவை நீயாகப் பேசு அவளிடம்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். முதுகு பரவாயில்லை. மாமாவைக் கேட்டதா சொல்லு. ஹாஸ்டல் பேச்சை விட்டுட்டேன்.

உன் கடிதம் வந்த அன்னிக்குச் சாப்பாட்டுக் கூடத்துல ஒருத்தன் அந்த வெல்டரை மாதிரி பேசிக் காட்டினான். நான் ஆரம்பிச்சு வச்சது, இப்ப ஆளாளுக்குச் செய்யறாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, நான் இன்னும் நல்லா செய்வேன்னு. அந்தப் பையன் தட்டைப் பார்த்துக் குனிஞ்சு சாப்பிட்டுட்டிருந்தான். அவன் எதிர்ல போய் உட்கார்ந்தேன். அவன் சந்தேகமா என்னைப் பார்த்துட்டுத் தட்டை எடுத்துட்டு வேற மேசைக்குப் போயிட்டான். அவன் போனது சரிதான்.

ஞாயித்துக்கிழமை உன் போனுக்குக் கூப்பிட்டேன், நீ கடைக்குப் போயிருந்தே. அவதான் எடுத்தா. பழக்கதோஷத்துல, "புது ஆள் யாரையாவது செஞ்சு காட்டேன்"னு சொல்லிட்டேன். "வேண்டாம்ப்பா"ன்னா. அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷமா நாங்க பேசினதெல்லாம் அடுத்தவங்க குரல்லதான் போல. வச்சிடுவாளோன்னு பயத்துல, "இந்த வெள்ளிக்கிழமை வகுப்புல என்ன பேசினீங்க?"ன்னு கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமா சொல்ல ஆரம்பிச்சா. யார் என்ன சொன்னாங்க, யாரோட அவளுக்கு ஒத்துப்போகல, ஏன்னு. எல்லாரையும் பேர் சொல்லிச் சொன்னா. அந்தப் பொண்ணைப் பத்தி வந்தப்போ அவ பேரையும் சொன்னா, சொல்லிட்டு ரொம்ப நேரம் நிறுத்திட்டா. நான் அவசரப்படுத்தல.

ஒருத்தர் சொன்னதையும் அவங்க குரல்ல சொல்லல அக்கா. எல்லாத்தையும் அவ குரல்லயே சொன்னா. கொஞ்சம் மெலிசா, தடுமாறித் தடுமாறி, அவ அம்மா குரல் மாதிரி இருந்தது. என் மகளோட குரல் இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு.

உன் தம்பி